கைக்கடிகாரம் காட்டிக் கொடுத்தது

2025 பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், சேலை, பிஸ்கட் பெட்டி எல்லாம் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக ஒரு சின்ன அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம். மணி பார்க்க மட்டுமல்லவாம். "நடக்கிறது, தூங்குறது, நாடி எல்லாத்தையும் இது எழுதி வச்சுக்கிடும்மா. ராத்திரியும் கழட்டாதே" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிளவக்கல் அணைக்கட்டு ரோட்டில் குடியிருப்பவள் நான். இரண்டு கறவை மாடு, ஒரு தென்னந்தோப்பு, எண்பது வயது மாமியார். நாற்பத்தாறு வயதில் இத்தனையையும் கட்டி மேய்ப்பவளுக்கு, "இன்று இவ்வளவு தூரம் நடந்தாய்" என்று சொல்ல ஒரு கடிகாரம் வேண்டுமா? ஆனாலும் பெற்ற பெண் ஆசையாகக் கொடுத்ததை மறுக்க மனம் வரவில்லை. கட்டிக்கொண்டேன்.

இன்று எத்தனையோ வீடுகளில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு இந்த மாதிரிக் கடிகாரம் வாங்கி அனுப்புகிறார்கள். அதில் வரும் ஓர் எண்ணைப் பார்த்து வீணாகக் கலங்கியவளும் நான்தான். பிறகு அதே எண்ணை அலட்சியம் செய்து, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டவளும் நான்தான். இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த எண்ணுக்குப் பெயர் 'ஹெச்.ஆர்.வி.' தமிழில் இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாறுபாடு என்றால் கோளாறு. குறைய குறைய நல்லது என்று! என் தையல் மிஷின் ஒரே சீராக ஓடினால்தானே தையல் நேராக விழுகிறது? இதயமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிப்ரவரி, மார்ச்சில் எனக்கு 34, 35 என்று காட்டியது. சர்க்கரை அளவு மாதிரி இதையும் குறைக்க வேண்டும் போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

விஷயம் நேர் எதிர். மகள்தான் போனில் விளக்கினாள். நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று கணக்கு. ஆனால் நல்ல இதயம் அப்படிக் கடிகார முள் மாதிரி அடிப்பதில்லை. ஒரு விநாடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 980 மில்லி விநாடி, அதற்கடுத்து 1030, பிறகு 1005 என்று இடைவெளி கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஏன் இப்படி? மூச்சை இழுத்தால் இதயம் சற்று வேகமாகிறது, விட்டால் மெதுவாகிறது. ஜெர்மனியின் கார்ல் லுட்விக் என்ற விஞ்ஞானி 1847-லேயே இதைக் கருவி வைத்துப் பதிவு செய்திருக்கிறார். நீங்களே பார்க்கலாம். வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து நாடி பாருங்கள். ஐந்து விநாடி மெள்ள மூச்சை இழுத்து, ஐந்து விநாடி மெள்ள விடுங்கள். இளம் வயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். என் மகளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஏதோ கொஞ்சம். அத்தைக்குத் தெரியவே இல்லை. வயது ஏற ஏற இந்த அசைவு குறைவது இயற்கை.

இதயத்துக்கு இரண்டு நரம்புக் கூட்டத்தின் கட்டளை வருகிறது. பரிவு நரம்பு விரட்டுகிறது. எதிர்ப்பரிவு நரம்பு பிடித்து நிறுத்துகிறது. பிடித்து நிறுத்துவதில் முக்கியமானது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வரும் வேகஸ் நரம்பு. யார் கட்டளையும் இல்லாமல் விட்டால் இதயம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 100 தடவை அடிக்குமாம். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அப்படித்தான் வேகமாக அடிக்கிறது, ஏனென்றால் அந்த நரம்புத் தொடர்பு அறுந்து போய்விடுகிறது. நமக்கு 70-ல் நிற்கிறதென்றால் வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். உடம்பு நிம்மதியாக இருக்கும்போது அது கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும் விளையாடுகிறது, எண் உயர்கிறது. காய்ச்சல், கவலை, தூக்கக் கேடு, ரத்தக் குறைவு என்று ஏதாவது வந்தால் கடிவாளம் கைநழுவுகிறது. இதயம் ஓடுகிறது, எண் இறங்குகிறது.

பிரசவ வார்டில் படுத்திருந்த சகோதரிகளுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. வயிற்றில் பட்டை கட்டி, பக்கத்தில் ஒரு மிஷினிலிருந்து காகிதம் நீளமாக வந்துகொண்டே இருக்குமே, நினைவிருக்கிறதா? அதில் குழந்தையின் துடிப்புக் கோடு சின்னச் சின்னப் பல்லாக ஏறி இறங்க வேண்டும். நிமிஷத்துக்கு 5 முதல் 25 துடிப்பு வரை அசைந்தால் நர்ஸம்மா நிம்மதியாகப் போவார். குழந்தை வயிற்றுக்குள் தூங்கும்போது கொஞ்ச நேரம் கோடு அடங்கும், அது பரவாயில்லை. நெடுநேரம் மட்டமாகக் கிடந்தால்தான் டாக்டரைக் கூப்பிடுவார்கள். 1960-களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஹான் என்ற மகப்பேறு மருத்துவரும் லீ என்பவரும், ஆபத்தில் இருக்கும் சிசுவுக்குத் துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இந்த அசைவு குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். அன்று பிரசவ அறையில் பார்த்த அதே சங்கதிதான் இன்று நம் மணிக்கட்டில் பச்சை விளக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆம், அது பச்சை வெளிச்சம்தான். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் பொங்கி வடியும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும்; அதை வைத்துக் கடிகாரம் இடைவெளியைக் கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் கணக்கு தப்பும். கை ஆடினாலும் தப்பும். மாவாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் வரும் எண்ணை நம்பவே கூடாது. தூங்கும்போது எடுக்கும் எண்தான் பேசத் தகுந்தது.

* * *

மார்ச் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று 35-லிருந்து 24-க்கு விழுந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து ஜுரம் அடித்து மூன்று நாள் படுத்துவிட்டேன். ஜுரம் விட்டு ஒரு வாரத்தில் எண் பழையபடி வந்தது. இதைக் கேட்டு என் மகள் ஆச்சரியப்படவில்லை. 2020-ல் கொரோனாக் காலத்தில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் ஊழியர்கள் 297 பேருக்குக் கடிகாரம் கட்டிப் பார்த்ததில், பரிசோதனையில் நோய் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இந்த எண்ணில் மாற்றம் தெரிந்ததாம்.

அதிலிருந்து எனக்கு அந்த எண்ணின் மேல் ஒரு பயம் கலந்த பக்தி வந்துவிட்டது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எழுத ஆரம்பித்தேன். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அதுதான். 36 வந்தால் அன்று காப்பி ருசித்தது; 29 வந்தால் அன்று முழுவதும் நெஞ்சில் கை வைத்தபடி நடமாட்டம்.

பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் எதையோ படித்துவிட்டு வந்து, "பெரியம்மா, 50-க்குக் கீழே இருந்தா ஆபத்துன்னு போட்டிருக்கு" என்றானே பார்க்கலாம்! அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. தூங்காததால் மறுநாள் 23. அதைப் பார்த்து இன்னும் பயம்!

இந்த 50 கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் பயந்தார்களோ! 1987-ல் அமெரிக்காவில் க்ளைகர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு 24 மணி நேரம் தொடர்ந்து இதயப் பதிவு எடுத்தார்கள். மாறுபாடு 50 மில்லி விநாடிக்குக் குறைவாக இருந்தவர்கள், 100-க்கு மேல் இருந்தவர்களைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமாகப் பின்னாளில் இறந்தார்கள். பெரிய ஆராய்ச்சிதான். ஆனால் அது மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியது. பகலும் இரவும் சேர்த்து முழு நாள் எடுத்த வேறு கணக்கு. நம் கடிகாரம் தூக்கத்தில் அடுத்தடுத்த துடிப்புகளை வைத்துப் போடும் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது, படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒன்றாகக் கூட்டுவது போல. கடிகாரங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஆப்பிள் கடிகாரம் ஒரு முறையில் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஃபிட்பிட், கார்மின் முதலியவை இன்னொரு முறையில். ராஜபாளையத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு 58 வருகிறது, எனக்கு 34 என்று நான் மருகியதெல்லாம் வீண். அவள் வயது வேறு, கடிகாரம் வேறு, உடல்வாகு வேறு.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எந்தப் படிப்பும் படிக்காத என் கணவர்தான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பெரியாறு அணைக் கரை. பேப்பர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். இங்கே பிளவக்கல்லில் அணை இரண்டு: பெரியாறு ஒன்று, கோவிலாறு ஒன்று. பெரியாற்றுக்கு முழு மட்டம் 47 அடி. கோவிலாற்றுக்கு 42 அடி. நான் நோட்டை வைத்துக்கொண்டு புலம்புவதைப் பார்த்துவிட்டு, "கோவிலாறு ஏன் 47 அடி வரலேன்னு எவனாவது அழுவானா? அதுக்கு அது மட்டம். உன் மட்டம் என்னவோ அதைப் பாரு" என்றார். அதோடு விடவில்லை. "நேத்து என்ன, இன்னிக்கு என்னன்னு பார்த்தா தண்ணிக் கணக்கு பிடிபடாது. வாரக் கணக்கா பாக்கணும். இறங்குச்சுன்னா, மலையிலேருந்து வரத்து குறைஞ்சு இறங்குதா, மடையைத் திறந்துவிட்டு இறங்குதான்னு பாக்கணும். மட்டம் மட்டும் ஒண்ணும் சொல்லாது."

கடிகாரக் கம்பெனிக்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். கார்மின் கடிகாரம் மூன்று வாரம் தூக்கத்தில் கட்டிப் பார்த்த பிறகுதான் 'உன் மட்டம் இது' என்று முடிவு செய்கிறது. பிறகு ஏழு நாள் சராசரியை அதோடு ஒப்பிடுகிறது. நானும் தினசரி எண்ணை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து எழுதலானேன். மனசு கொஞ்சம் அடங்கியது.

நோட்டில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. மாதவிலக்கு முடிந்த வாரங்களில் எண் உயர்ந்தும், அடுத்த விலக்குக்கு முந்திய பத்துப் பன்னிரண்டு நாள் தாழ்ந்தும் அலை அலையாக வந்தது. பெண்களுக்கு இது இயல்பே. கருமுட்டை வெளியான பிறகு உடம்பு சற்றுச் சூடாகும், துடிப்பும் கூடும், எண் இறங்கும். இது தெரியாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பயப்படுகிற இளம் பெண்கள் இருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் இப்படியே. வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ரத்தம் ஓட வேண்டியிருப்பதால் மாதம் ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வரும். பிரசவத்துக்குச் சில வாரம் இருக்கும்போது மறுபடி ஏறத் தொடங்கும் என்று 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி சொல்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு எண் தாழ்ந்திருப்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. இரவில் நாலு தடவை எழுந்தால் கடிவாளம் எப்படி நிற்கும்?

* * *

மே மாதக் கத்திரி வெயிலில் சராசரி 30 ஆயிற்று. வெயில்தான், வேறென்ன என்று விட்டேன். ஜூன் முதல் வாரத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு இரவில் மூன்று தடவை, நாலு தடவை, "ஏத்தா, தூக்கி விடுத்தா" என்று கூப்பிடுவார். ஜூலையில் சராசரி 26. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வந்த உறவுக்காரர்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டில் தங்கினார்கள். ஆகஸ்டில் 22.

எனக்குக் கவலையே இல்லை! காரணம்தான் கையில் இருக்கிறதே. வெயில், மாமியார், விருந்தாளி. யார் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒப்பிப்பேன். மார்ச்சில் தேவையில்லாமல் பயந்தவள், இப்போது தேவையில்லாத தைரியத்தில் இருந்தேன்.

செப்டம்பரில் நாத்தனார் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன மதினி, வெளுத்துப் போயிட்டீங்க? பதினஞ்சு நாள் ராத்திரி நான் அம்மாகிட்டப் படுத்துக்கிடுதேன். நீங்க மாடியில போய்த் தூங்குங்க" என்றாள். பதினைந்து நாளும் ஏழு மணி நேரத் தூக்கம். வெயிலும் தணிந்துவிட்டது. விருந்தாளியும் இல்லை. நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 23.

என் கணவர் சொன்ன மடை ஞாபகம் வந்தது. வரத்தைச் சரி செய்தாகிவிட்டது, மட்டம் ஏறவில்லை. அப்படியானால் எங்கோ மடை திறந்திருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் இல்லை.

ஏப்ரலிலிருந்தே விலக்கு முறை தப்பியிருந்தது. இருபது நாளுக்கு ஒரு தரம், எட்டு ஒன்பது நாள், கட்டி கட்டியாக. நோட்டில் மாதா மாதம் வந்த அலையும் அதனால்தான் உருக்குலைந்து கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் பேசாமல் இருந்தேன். 'இந்த வயசுக்கு இப்படித்தான், நிற்கப் போகிற காலம்' என்று எனக்கு நானே சமாதானம். அத்தை படுத்த படுக்கையாக இருக்கும்போது என் உபத்திரவத்தை யாரிடம் சொல்ல? அணைக் கரைப் படியில் ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். எல்லாவற்றையும் விட வேடிக்கை, முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு கைப்பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். கல்யாணத்துக்கு முன் என் அம்மாவிடம் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். மறுபடி அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

நாத்தனார் ராஜபாளையத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நான் நோட்டை நீட்டினேன். டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"இந்த எண்ணை வச்சு நான் வைத்தியம் பண்ண முடியாதும்மா. இது நோயோட பேரைச் சொல்லாது. ஆனா நாலு மாசமா இறங்கினது ஏறவே இல்லேன்னா, என்னமோ இருக்குன்னு தேடலாம். துடிப்பு எத்தனைன்னு எழுதலியா?"

எழுதவில்லை. கடிகாரத்தில் இருந்தது. பார்த்தால் தூக்கத்தில் ஓய்வான துடிப்பு பிப்ரவரியில் 64, இப்போது 78! ஹெச்.ஆர்.வி. ஒன்றையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருந்த இதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் ஜோடியாகப் பார்க்க வேண்டுமாம். துடிப்பு ஏறி, மாறுபாடு இறங்கி, அது வாரக்கணக்கில் நீடித்தால் காரணம் தேட வேண்டும்.

பிறகு கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "விலக்கெல்லாம் எப்படி?"

"சரியாத்தான் வருது டாக்டர்." பாருங்கள், அந்த இடத்திலும் என் வாயில் வந்தது அதுதான்!

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை? ஒரு நாளைக்கு எத்தனை மாத்தறீங்க?" என்று கேட்டார். நாத்தனார் என்னையே பார்த்தாள். சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "பச்சரிசி மெல்லுறீங்களா?" என்று அடுத்துக் கேட்டாரே! இவருக்கு ஜோசியம் தெரியுமோ என்று தோன்றிவிட்டது. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு அரிசி, சாம்பல், மண், ஐஸ் கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது பழைய அடையாளமாம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்த சோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையானது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. நான் ஒருத்திதான் என்றும் நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல். நம் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்துக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பிராண வாயுவைச் சுமக்கிற ஆள் குறைந்துபோனால், இருக்கிற ஆளையே அதிக நடை அனுப்ப வேண்டும். இதயம் ஓய்விலும் ஓடுகிறது. ஓட்டம் கூடும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடம் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய இடத்தில் ஏற்ற இறக்கத்துக்கு வழி ஏது? தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆகலாம். நாள்பட்ட சர்க்கரை நோயில் இதய நரம்புகளே கெட்டு மாறுபாடு குறையலாம். அதனால் எனக்குத் தைராய்டு, சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றும் பார்த்தார்கள். அவை சரியாக இருந்தன. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது.

"கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். டாக்டரம்மா அதற்கு அவசியமில்லை என்றார். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை. இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்ற இரண்டு நாள் போய் வர வேண்டியிருந்தது. பிறகு இரும்பு மாத்திரை. மாத்திரையைக் காப்பி, டீ, பால் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். நான் விழுங்கிக்கொண்டிருந்தது காலைக் காப்பியோடுதான்! எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா என்று புளிப்பான பழத்தோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காப்பி ஒரு மணி நேரம் கழித்து. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு கட்டினால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி வேறு மாற்றிக்கொள்ளலாம். அளவு ஏறிவிட்டது என்று உடனே விட்டுவிடவும் கூடாது; உடம்பின் இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் வேண்டும். முருங்கைக் கீரையும் எள்ளும் நல்லவைதான். ஆனால் 7.9-ஐக் கீரையால் மட்டும் மேலே தூக்க முடியாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நெஞ்சில் இறுக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டல், மயக்கம், தாடைக்கோ முதுகுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வையோடு குமட்டல் இவை வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. கடிகாரம் 40 காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிதான். திடீரென்று எண் ஒரேயடியாக உயர்ந்துவிட்டாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். துடிப்பே தாறுமாறாகப் போகும் ஒரு வியாதியில் மாறுபாடு அதிகம்போலக் காட்டும், அது ஆரோக்கியமல்ல. படபடப்பு இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். விலக்கின்போது மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ அதை 'வயசு' என்று சொல்லி மூடி வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன இதை நான் மட்டும் கேட்டிருந்தால் கடிகாரமே தேவைப்பட்டிருக்காது.

டிசம்பர் கடைசியில் ஹீமோகுளோபின் 11.4. அரிசி மெல்லும் ஆசை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டது. துடிப்பு 68-க்கு இறங்கியது. நோட்டில் சராசரி 24, 26, 29 என்று மெள்ள ஏறி 31-ல் நிற்கிறது. பழைய 35 வரவில்லை. வருமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "வயசும் ஒண்ணு கூடியிருக்கே" என்று சிரித்தார்.

அத்தை இப்போது நடைவண்டியைப் பிடித்து முற்றம் வரை வருகிறார். அவர் சின்ன வயதில் வத்திராயிருப்பில் ஒரு வைத்தியர் இருந்தாராம். பெண்களுக்கு இடது கையில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பாராம். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் என் கையைப் பிடித்து, கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டு, தானும் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். "ஓடுதுத்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தேன்: 29. இரண்டு குறைவு. வீட்டில் அத்தைக்கு ஜலதோஷம். எனக்கும் தொண்டை கரகரக்கிறது. சுக்குக் கஷாயம் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும், பார்ப்போம்.